சுகந்தி வீட்டு சர்வர்

பெண் பார்க்க வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளைப் பையனின் சட்டைப் பையில் இருந்த மொபைல் அதிர்ந்தது. இரண்டு குட்டி அதிர்வு, பிறகு ஒரு நீள அதிர்வு. பையன் எடுத்துப் பார்க்கவில்லை. பையின் மேலேயே தட்டி அதை அடக்கிவிட்டு, தன் மாமா சொல்லிக்கொண்டிருந்த ஏதோ நில விவகாரத்துக்குச் சிரித்தான்.

தண்ணீர் கொடுக்க வந்த சுகந்தி தட்டோடு அப்படியே நின்றாள். அந்த அதிர்வு எந்த மொபைலிலும் கூடவே வருவதில்லை. அதை உட்கார்ந்து எழுதியவள் அவள்தான். உடம்பில் சர்க்கரை மளமளவென்று இறங்குகிறது, உடனே ஏதாவது சாப்பிடு என்று அதற்கு அர்த்தம்.

சுகந்தி திருச்சியில் ஒரு கூட்டுறவு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவள். மகள் மகிழினிக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. இனிப்பு தின்று வருகிற வகை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. டாக்டர் எவ்வளவு விளக்கியும் சுகந்தியின் மாமியார் வீட்டில் ஒரே பேச்சுதான்: "இது உங்க வீட்டு ரத்தம்." கணவன் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு புனேக்குப் போனவன், முதலில் மாதம் ஒருமுறை வந்தான், பிறகு தீபாவளிக்கு வந்தான், பிறகு வரவேயில்லை.

மகிழினியின் மேல்கையில் நாணயம் அளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அது சர்க்கரையை அளந்து மொபைலுக்குச் சொல்லும். மொபைல் அதை வில்லை விற்ற கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். அந்த சர்வர் எந்த நாட்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் யாரும் மெனக்கெடவில்லை. மகிழினி கல்லூரியில் இருந்தபோதுதான் கம்பெனிகள் அந்த அளவுகளையெல்லாம் விற்க ஆரம்பித்தன. முதலில் காப்பீட்டுக்காரர்கள் வாங்கினார்கள். பிறகு வேலை கொடுப்பவர்கள். பிறகு கல்யாணத் தரகர்கள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஆளுக்கு ஒரு எண் வந்தது. நல எண் என்று அதற்குப் பெயர். கையில் வில்லை ஒட்டியிருப்பதாகக் கம்பெனிக்குத் தெரிந்தால் நல எண் ஐம்பதைத் தாண்டாது. வில்லையே ஒட்டாமல், உள்ளுக்குள் எல்லாம் கெட்டுப்போய் நடமாடுகிறவனுக்குத் தொண்ணூறுக்குமேல். வியாதி வந்தவர்களை அது தண்டிக்கவில்லை. வியாதி தெரியவந்தவர்களைத்தான் தண்டித்தது.

சுகந்தி உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கணினி ஒன்றை வாங்கினாள். பரணில் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வைத்து, மகளின் வில்லை சொல்வதெல்லாம் அங்கே மட்டும் போகும்படி திருப்பிவிட்டாள். இன்சுலினை யார் வேண்டுமானாலும் யாருக்காகவும் வாங்கலாம். வில்லைதான் ஆளைக் காட்டிக் கொடுக்கும். இப்போது அதுவும் வாயை மூடிக்கொண்டது. அதுவரை வாங்கிய வில்லைகளெல்லாம் சுகந்தியின் பெயரில்தான் பதிந்திருந்தன. கம்பெனியைப் பொறுத்தவரை மகிழினி ஆரோக்கியமான பெண். அந்த ஆரோக்கியத்தை வைத்துத்தான் கொள்ளிடத்தில் புதுப் பாலம் கட்டுகிற நிறுவனத்தில் அவளுக்குப் பொறியாளர் வேலை கிடைத்தது. தலையில் மஞ்சள் தொப்பியும் இடுப்பில் கயிறுமாக, ஆற்றுக்கு மேலே தூண் தூணாக ஏறி இறங்கினாள்.

பிறகு மகிழினியின் தோழி ஒருத்தி வந்தாள், தன்னையும் அந்தக் கணினியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. அதே அடுக்குமாடியின் மூன்றாவது மாடி மஞ்சுளா தன் கணவனுக்காகக் கேட்டாள். அவர்கள் சொல்லி வேறு யாரோ, அவர்கள் சொல்லி இன்னும் யாரோ. முகம் தெரியாதவர்கள் எல்லாம் சுகந்தியை 'சர்வர் அக்கா' என்றார்கள். சுகந்தி யாருடைய பெயரையும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு மரத்தின் பெயரைக் கொடுத்தாள். மகிழினி மகிழம். மற்றவர்கள் வேங்கை, இலுப்பை, புன்னை, கடம்பு என்று. சேருகிற எல்லாருக்கும் ஒரே வரிதான் எழுதுவாள்: 'உங்கள் அளவுகளை நான் பார்க்க மாட்டேன்.' பார்க்க முடியாது என்று எழுதமாட்டாள். கணினியை நடத்துகிறவளிடம் எல்லாவற்றையும் திறக்கிற கடவுச்சொல் ஒன்று இருந்தே தீரும். பொய் எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

ஹாலில் பையனின் அம்மா ஹேமலதா குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, இப்பல்லாம் எல்லாரும் கேக்கறதுதான். பொண்ணோட நல எண்?"

"தொண்ணூத்தி மூணு."

"எங்க செழியனுக்குத் தொண்ணூத்தஞ்சு. பத்து நிமிஷம் உடம்பு சரியில்லன்னு படுத்ததில்ல."

செழியனின் நெற்றியோரம் வேர்த்திருந்தது. மின்விசிறி அவன் தலைக்கு நேர் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"காபி எடுத்துட்டு வரேன்" என்று சுகந்தி உள்ளே போனாள்.

சமையலறைச் சுவரில் ஒரு பழைய டேப்லெட் மாட்டியிருக்கும். மகிழத்தின் அளவு மட்டும் அதில் எப்போதும் ஓடும். சுகந்தி கொஞ்ச நேரம் அதன் எதிரே நின்றாள். பிறகு அந்தக் கடவுச்சொல்லை அடித்தாள். எல்லா மரங்களும் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் அமைதியாக இருந்தன, ஒன்றைத் தவிர. புன்னை. அறுபத்தொன்று. பக்கத்தில் அம்பு செங்குத்தாகக் கீழே பார்த்தது.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. பெண் பார்க்கிற வீட்டில் போனதும் இனிப்பு வைப்பார்கள் என்று காரிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். இங்கே பெரியவர்கள் பேச்சை நீட்டிக்கொண்டே போகிறார்கள், இனிப்பு வரவில்லை, சர்க்கரை இறங்குகிறது. மகிழினிக்குக் கல்யாண வீட்டுப் பந்திகளில் எத்தனையோ தடவை இப்படி ஆகியிருக்கிறது. ஐம்பத்தாறு என்று மாறியது எண்.

சுகந்தி கேசரியைக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். மாமா, அத்தை யாரையும் பார்க்காமல் நேரே அவன் கையில் கொடுத்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க தம்பி."

"பொண்ணு கொண்டுவந்து தரட்டுமே, என்ன அவசரம்?" என்றாள் ஹேமலதா.

"அவ வரதுக்குள்ள ஆறிடும்."

செழியன் வேகவேகமாகச் சாப்பிட்டான். கிண்ணம் காலியானதும் சுகந்தி கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த நன்றியை அவளால் நேராக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் மகிழினி வந்தாள். இருவரும் பால்கனியில் நின்று பேசினார்கள். மகிழினி தன் பாலத்தைக் காட்டுவதுபோல் கையை நீட்டிக் காட்ட, அவன் ஏதோ சொல்ல, இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள். சுகந்தி சமையலறைக்குப் போனபோது டேப்லெட்டில் இரண்டு கோடுகள் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. மகிழமும் புன்னையும். ஒரே கேசரி. அவள் திரையை மூடினாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் மகிழினி சேலைகூட மாற்றாமல் வந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நல்லா சிரிக்கறான்மா. பாலத்து மேல ஏறினா பயமா இருக்காதான்னு எல்லாரும் கேக்கறதுதான். இவன் கேக்கல. மேல இருந்து பாத்தா ஆத்துல தண்ணி எந்த நிறம்னு கேட்டான்."

"பாக்கலாம்" என்றாள் சுகந்தி.

மறுநாள் மகிழினி வேலைக்குப் போனதும் ஹேமலதாவுக்குப் போன் செய்தாள். ஜாதகத்தை இன்னொருத்தரிடம் காட்டியதாகவும் பொருத்தம் சரியாக இல்லையென்றும் சொன்னாள். மகளிடமும் அதையே சொன்னாள்.

"நீ என்னைக்கும்மா ஜாதகம் பாத்த?" என்று மகிழினி கேட்டாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அம்மா தனக்காக ஒற்றை ஆளாய்ப் பட்டதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதனால் மேலே கேட்கவில்லை. சுகந்திக்கும் அது தெரியும். அதன் மேல்தான் அவள் சாய்ந்து நின்றாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் மகிழினி வேலையிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"செழியன் போன் பண்ணான்."

சுகந்தி அடுப்பை அணைத்தாள்.

"தனக்கு சுகர் இருக்குன்னு சொன்னான். பதினோரு வயசுல இருந்தாம். எங்க வீட்ல மறைச்சுட்டாங்க, சம்பந்தம் முடிஞ்சுபோனாலும் உங்ககிட்ட சொல்லிடணும்னு தோணிச்சு, ஏன்னா உங்கம்மா அன்னைக்கு என்னைக் காப்பாத்தினாங்கன்னான். எப்படித்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுதுன்னு தெரியல, நேரா என்கிட்ட கேசரியக் கொண்டுவந்தாங்கன்னான். எனக்கு சிரிப்பு வந்துடுச்சும்மா. எனக்கும்தான் இருக்குன்னு சொன்னேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் லூசு மாதிரி சிரிச்சோம். அப்புறம்தான் கேட்டேன், உங்க நல எண் எப்படி தொண்ணூத்தஞ்சுன்னு. யாரோ ஒரு அக்கா வீட்ல சர்வர் வச்சிருக்காங்களாம். யாருன்னு தெரியாதாம். மரத்தோட பேர் குடுப்பாங்களாம்."

சுகந்தி சுவரில் ஓடிய மகிழத்தின் கோட்டைப் பார்த்தாள்.

"திறந்து பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"ஜாதகம்னு சொன்னியே."

"உனக்கு ராத்திரி சுகர் இறங்கினா எத்தனை தடவ உலுக்கி எழுப்பியிருக்கேன் தெரியுமா? வாயில தேனத் தடவி, கன்னத்துல அடிச்சு... எனக்கப்புறம் அதைச் செய்ய ஒரு ஆள் வேணும்டி. கை நடுங்காத ஆள். அவனும் பக்கத்துல விழுந்து கிடந்தா யார் யாரை எழுப்பறது?"

"நியாயமான கேள்விதான். அதை எங்க ரெண்டு பேர்கிட்ட கேட்டிருக்கலாம். நீ சர்வர்கிட்ட கேட்ட."

"உன் நல்லதுக்குத்தான்..."

"அப்பா புனேக்குப் போனப்ப அவர் வீட்லயும் அதையேதான் சொன்னாங்க. அவங்க பையன் நல்லதுக்குன்னு."

அந்த வார்த்தை சுகந்திக்கு எங்கே பட்டது என்று மகிழினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் கண் கலங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"பதினேழு வருஷமா என் உடம்புக்குள்ள நடக்கறதெல்லாம் உன் கண்ணு முன்னாடி ஓடுது. நான் திருட்டுத்தனமா ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டாக்கூட உனக்குத் தெரியும். அதை நான் தப்பா நினைச்சதில்ல. நீ பாக்கறது எனக்குக் காவல்னு நினைச்சேன்." சொல்லிக்கொண்டே மொபைலை எடுத்து எதையோ அழுத்தினாள். சுவரில் மகிழத்தின் கோடு நின்றது. "நான் கம்பெனியிலயே பதிஞ்சுக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? அவங்க வித்துடுவாங்க!"

"வித்துடுவாங்கன்னு தெரியும். அவங்க வெறுமனே விக்கத்தான் செய்வாங்கம்மா. நீ முடிவு பண்ணிடற."

"வேலை போயிடும்டி."

"போகட்டும்." வாசல்வரை போனவள் திரும்பினாள். "அந்த சர்வர்ல இருக்கறவங்ககிட்டயாவது சொல்லு. நீ பாப்பேன்னு அவங்களுக்குத் தெரியணும்."

மகிழினி சொன்னதைச் செய்தாள். நல எண் நாற்பத்து நான்கு என்று வந்தது. வேலை போகவில்லை. ஆனால் உயரத்தில் ஏறக் கூடாது என்று சொல்லி அவளை அலுவலகத்தில் வரைபடம் சரிபார்க்க உட்காரவைத்தார்கள். பாலத்தைக் கணினித் திரையில் மட்டும் பார்த்தாள். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு வீடு பிடித்துப் போனாள். செழியன் தன் வீட்டில் போராடிப் பார்த்திருக்கிறான். நாற்பத்து நான்கு எண் உள்ள பெண் எங்கள் வாசற்படி ஏறக் கூடாது என்று ஹேமலதா சாப்பிடாமல் படுத்துவிட்டாளாம். அவனும் கம்பெனியில் பதிந்துகொண்டு வீட்டை விட்டு வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. அவன் மறுபடி போன் செய்யாததை மகிழினி அம்மாவிடம் ஒற்றை வரியில் சொன்னாள். புன்னை இன்னமும் சுகந்தியின் சர்வரில்தான் இருந்தது.

மகள் கடைசியாகக் கேட்டதையாவது செய்துவிட வேண்டும் என்று சுகந்தி நினைத்தாள். நாலைந்து தடவை எழுதி அழித்தாள். கடைசியில் எல்லாருக்கும் இப்படி அனுப்பினாள்: 'நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஒருமுறை பார்த்துவிட்டேன். என் மகளுக்கு வந்த வரன் உங்களில் ஒருவர் என்று கண்டுபிடித்து, அந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது துரோகம். விலகிக்கொள்கிறவர்கள் தாராளமாக விலகலாம். உங்கள் அளவுகள் அனைத்தையும் அழித்துத் தருகிறேன்.'

திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் திட்டவில்லை. பாதிப் பேர் வேறு போக்கிடம் இல்லாமல் பேசாமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஒருத்தர்கூட விலகவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து அவள் நெஞ்சில் இருந்த கனம் லேசாகக் குறைந்ததுபோல் இருந்தது. மனிதர்கள் மன்னிக்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றாவது மாடி மஞ்சுளா வந்தாள். மகிழினி எப்படி இருக்கிறாள், சாப்பாடெல்லாம் என்ன செய்கிறாள் என்று விசாரித்தாள். சுகந்தி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துமுடித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"நீங்க அனுப்பினதப் படிச்சேன்க்கா. எவ்வளவு பெரிய மனசு இருந்தா அப்படி எழுதுவீங்க."

சுகந்தி காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நம்ம பையன் விக்னேஷுக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கோம்க்கா. நல்ல இடம். நல எண் தொண்ணூத்தி ரெண்டுன்னு சொல்றாங்க." மொபைலில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். "இந்தப் பொண்ணு உங்ககிட்ட இருக்காளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்களேன்."

சுகந்தி படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதை எடு மஞ்சுளா. பேரையும் சொல்லாத. நான் எழுதினதோட அர்த்தமே உனக்குப் புரியலையா?"

"புரிஞ்சதாலதான்க்கா வந்தேன். கண்டுபிடிக்க முடியும்னு அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாதே."

"உன் வீட்டுக்காரரும் அதுலதானே இருக்கார்? அவரை யாராவது இப்படித் தேடினா?"

"அதனாலதான் சொல்றேன். அந்தக் கஷ்டத்த நான் இருபது வருஷமாப் பாக்கறேன். எம் பையனுக்கும் அது வேணுமா?" மஞ்சுளாவின் குரலில் கொஞ்சமும் வஞ்சகம் இல்லை. "உங்க பொண்ணுக்குன்னா பாத்தீங்க. நாங்கள்லாம் உங்களை நம்பித்தானே இருக்கோம்."

"நான் சொல்லமாட்டேன்."

மஞ்சுளா அவளைக் கூர்ந்து பார்த்தாள்.

"சொல்லமாட்டேன்னா... இருக்கான்னு அர்த்தமா?"

"அப்படி நான் சொல்லல."

"அப்ப இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சுகந்தி வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்குத் தெரியாது. தெரியாமலே 'இல்லை' என்று சொன்னால் அது கம்பெனி கொடுக்கிற நல எண் மாதிரி இன்னொரு பொய் எண். இன்றைக்கு இவளுக்கு இல்லை என்று சொன்னால், நாளைக்கு வருகிற இன்னொருத்திக்குச் சொல்லாமல் இருப்பதே ஆமாம் என்று ஆகிவிடும். திறந்து பார்த்தால் எந்த மொபைல், எந்த ஊர் என்று கண்டுபிடிக்கவும் முடியும். கண்டுபிடித்தால் எதைச் சொல்வது? கணினியையே நிறுத்திவிட்டால், இன்று ராத்திரி சர்க்கரை இறங்குகிறவர்களை எழுப்ப யார் இருக்கிறார்கள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பதில் வந்து நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மஞ்சுளா மெல்லத் தலையாட்டினாள். சுகந்தியின் கையைப் பிடித்து ஆறுதலாக ஒருமுறை அழுத்தினாள்.

"சரிக்கா, புரியுது. உங்க வாயால வரவேண்டாம். நல்லவேளை, பூ வைக்கறதுக்கு முன்னாடி கேட்டேன்."

"மஞ்சுளா, நில்லு. நான் பாக்கவே இல்ல. சத்தியமா எனக்கு..."

"நீங்க ஏன்க்கா சத்தியமெல்லாம் பண்றீங்க? உங்க பேர் வெளிய வராது. நான் பாத்துக்கறேன்."

சுகந்தி எழுந்து வாசலுக்கு வருவதற்குள் மஞ்சுளா லிஃப்ட்டுக்குள் போயிருந்தாள். கதவு மூடுகிறபோது போனைக் காதில் வைத்து, "வேண்டாம்னு சொல்லிடுங்க, காரணத்த வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்று கணவனிடம் சொல்வது கேட்டது.

லிஃப்ட் மேலே போகிற சத்தம் நிற்கும்வரை சுகந்தி அங்கேயே நின்றாள். அந்தப் பெண் யார், எந்த ஊர், அவள் கையில் வில்லை இருக்கிறதா இல்லையா, எதுவும் அவளுக்குத் தெரியாது.